கிளீனர்: ஒரு சொல்லின் இடதுபக்கம்

1

‘பையன் லாரிக்கு கிளீனரா போயிட்டான்’ என்று எங்கள் பக்கத்து ஊர்களில் சொன்னால், அவன் லாரி கழுவப் போயிருக்கிறான் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, வீட்டில் பணமுடை, இனி நோம்பிக்கு நோம்பிதான் ஊர்ப்பக்கம் வருவான், பொறுப்பாக இருந்தால் நாலைந்து வருஷத்தில் டிரைவராகிவிடுவான், இல்லாவிட்டால் கிளீனராகவே தேய்ந்துபோவான் – இத்தனையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். ஆங்கிலத்தில் சுத்தம் செய்பவர் என்று மட்டும் பொருள்படும் ஒரு சொல், தமிழுக்கு வந்து ஒரு வாழ்க்கைப் பாதையின் பெயராக ஆகியிருக்கிறது.

நன்னூல் படித்தவர்களுக்கு இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்ற பகுப்பு நினைவிருக்கும். ‘கிளீனர்’ இடுகுறியல்ல, காரணப் பெயர்தான். சுத்தம் செய்வதால் கிளீனர். சிக்கல் அந்தக் காரணத்தில் இருக்கிறது. ஒரு ஆள் பத்துப் பதினைந்து வேலைகளைச் செய்கிறான். அவற்றில் ஆகக் கடைசியான, யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய ஒன்றை எடுத்து அவனுக்குப் பெயராக வைத்தால், மற்றவை எல்லாம் வேலை என்ற கணக்கிலேயே வராமல் போய்விடுகின்றன. கணக்கில் வராத வேலைக்குக் கூலியும் இல்லை.

குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இயற்கையான உறவு ஏதுமில்லை என்ற சசூரின் பாடம் 1916இல் நூலாக வந்தது. 1929இல் வொலோஷினோவ் அந்தப் பாடத்தோடு சண்டை போட்டார். ஒரே மொழியை எல்லா வர்க்கங்களும் பேசுகின்றன. ஆகவே ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வர்க்கங்களின் அழுத்தங்கள் மோதிக்கொள்கின்றன. குறி என்பதே ஒரு போராட்டக் களம் என்பது அவர் வாதம். இந்தக் கோட்பாடுகளை நாம் இலக்கியப் பிரதிகளின்மேல் நிறையவே போட்டுப் பார்த்துவிட்டோம். ஒரு லாரியின் தார்ப்பாய்மேல் போட்டுப் பார்த்ததில்லை. அந்த முயற்சிதான் இது.

2

என் தாய்மாமன் 1981இல், பதின்மூன்று வயதில், சங்ககிரியிலிருந்து கிளம்பிய ஒரு லாரியில் கிளீனராக ஏறியவர். ஏழு வருஷம் கிளீனர். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் டிரைவர். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் லாரி என்பது ஒரு தொழில் மட்டுமல்ல. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள், ஊருக்கு ஊர் லாரிப் பேட்டை என்று, மழையை நம்பிய காடு கைவிட்ட பல குடும்பங்கள் சக்கரத்தை நம்பத் தொடங்கிய பகுதி இது. கிளீனருக்கு என்னென்ன வேலை என்று மாமாவிடம் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது கீழே வருவது.

விடிகாலையில் வண்டி எடுப்பதற்கு முன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, இன்ஜின் ஆயில் அளவு பார்க்க வேண்டும். லீவரால் ஒவ்வொரு டயரையும் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். காற்று இறங்கிய டயர் ‘பொத்’தென்று சொல்லும், நல்ல டயர் ‘டங்’கென்று சொல்லும். பின்பக்க ஜோடி டயர்களுக்கு நடுவில் கல் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். ஓட்டத்தில் அது தெறித்தால் பின்னால் வருகிறவன் மண்டை போய்விடும். லோடு ஏற்றும் இடத்தில் நின்று மூட்டை எண்ண வேண்டும். தார்ப்பாய் விரித்துக் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். நடுவழியில் மழை வந்தால் மேலே ஏறி மறுபடியும் கட்ட வேண்டும். பஞ்சரானால் ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாற்ற வேண்டும். செக்போஸ்ட்டில் பேப்பரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். வடக்கு லைன் போனால் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறும் குழம்பும் ஆக்க வேண்டும். டிரைவர் தூங்கும்போது வண்டியையும் லோடையும் டீசலையும் காவல் காக்க வேண்டும். டிரைவர் ஓட்டும்போது அவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் போக, வண்டி கழுவுவது, கண்ணாடி துடைப்பது.

இந்தக் கணக்கில் கிளீனர் எப்போது தூங்குவார் என்று கேட்டேன். ‘அதுக்கெல்லாம் நேரம் யாரு குறிச்சா மாப்ள’ என்றார்.

பட்டியலில் அவர் முதலில் சொல்லாமல் விட்டு, பிறகு நினைத்துக்கொண்டு சொன்னவை இரண்டு. முக்கியமானவையும் அவைதான்.

ஒன்று, இடதுபக்கம். நம் லாரிகளில் ஸ்டியரிங் வலதுபுறம். அவ்வளவு அகல வண்டியில் இடது ஓரத்தில் என்ன நடக்கிறது என்பது டிரைவருக்குச் சரியாகத் தெரியாது. குறுகலான பாலத்திலும் சந்தைத் தெருவிலும் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதும் கிளீனர் சொல்வதுதான் டிரைவருக்கு இடதுபக்கம். ‘வரட்டும்… வரட்டுங்ணா… ஓல்டேன்!’ என்ற அந்தக் குரலை நம்பிப் பதினைந்து டன் நகர்கிறது. ‘ஓல்டேன்’ என்பது நிறுத்து என்பதற்கான ஆங்கிலக் கட்டளை தேய்ந்த வடிவம். டிரைவரிடம் ‘நிறுத்துடா’ என்று சொல்லும் உரிமை கிளீனருக்கு அந்த ஒரு சொல்லில் மட்டுமே உண்டு. அவன் அதைச் சொன்னால் டிரைவர் நிறுத்தியாக வேண்டும். மற்ற நேரமெல்லாம் ‘சொல்லுங்ணா’, ‘சரிங்ணா’ தான்.

இன்னொன்று, கட்டை. மலைப்பாதையில் லோடு வண்டி ஏறமுடியாமல் நின்று பின்வாங்கினால், கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைத் தள்ள வேண்டும். எண்பதுகளின் வண்டிகளில் பிரேக்கை முழுசாக நம்ப முடியாது என்பதால் மேட்டில் கட்டையோடு தயாராக உட்கார்ந்திருப்பதே ஒரு வேலை. நம் எழுத்துத் தமிழில் ‘முட்டுக்கட்டை போடுவது’ என்றால் வளர்ச்சியைத் தடுப்பது. போராடுகிறவர்களைப் பார்த்து நாற்காலிக்காரர்கள் சொல்வது. சக்கரத்துக்கு அடியில் கை கொடுத்தவனுக்கு அதே கட்டை உயிர் காக்கும் பொருள். ஒரே சொல் மேட்டில் ஒரு பொருளும் மேடையில் வேறொரு பொருளும் கொள்கிறது.

வண்டித் தொழிலில் இந்த ‘தயாராக வைத்திருத்தல்’ புதியதல்ல. புறநானூறு 102ஆம் பாடலில் ஔவையார், பொகுட்டெழினியை உப்பு வணிகரான உமணரின் சேம அச்சோடு ஒப்பிடுகிறார். பாரம் பெரிது, எருதுகள் இளையவை, பள்ளம் மேடு எங்கே வருமோ என்று வண்டியின் அடிமரத்தில் கட்டிவைத்த மாற்று அச்சு அது. மன்னனைப் புகழ ஒரு வண்டிக்காரத் தந்திரம் உதவுகிறது. அச்சு முறிந்த இடத்தில் அதைக் கழற்றி மாட்டிய ஆள் பாட்டுக்குள் வரவில்லை. இன்றைய சேம அச்சான ஸ்டெப்னிக்கும் ஒரு வம்சாவளி உண்டு: 1904இல் வேல்ஸின் லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில் உருவான உதிரிச் சக்கரம் என்பதால் அந்தப் பெயர். சக்கரத்துக்கு ஊரும் தெருவும் கிடைத்திருக்கிறது. அதை மாட்டுகிறவனுக்குத் துடைக்கிற துணி.

3

இந்தப் பெயர் அவமானமாகவே பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. நீராவி ரயில் காலத்தில் லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தவர் ஃபயர்மேனாகி, பிறகு டிரைவராவது படிமுறை. இங்கிலாந்திலும் அப்படித்தான், இந்தியாவிலும் அப்படித்தான். அங்கே ‘கிளீனர்’ என்பது ஏணியின் முதல் படியின் பெயர். அந்தப் படிக்கு மேலே இன்ன இன்ன படிகள் உண்டு என்பது காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது. லாரியிலும் ஏணி உண்டு, எழுத்து கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ரோடு காலியாக இருக்கும்போது, ‘வா கண்ணு, கொஞ்ச நேரம் பிடி’ என்று டிரைவர் ஸ்டியரிங்கைக் கொடுத்தால்தான் படிப்பு. கொடுப்பதும் கொடுக்காததும் டிரைவரின் மனசு. அடியும் வசவும் அந்தப் பள்ளிக்கூடத்தின் கட்டணம். ‘டிரைவரண்ணன் கை நீட்டாதவரா இருந்தாக் கொடுத்துவெச்சவன்’ என்பது மாமாவின் வாக்கு.

இதைக் குருகுலம் என்று புனிதப்படுத்த நான் தயாரில்லை. சட்டத்துக்குப் புறம்பான கல்வி அது. சட்டத்துக்குப் புறம்பான வயதிலும் நடந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் குழந்தைகளை இந்த வேலையில் வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அது சொல்லி இருபது வருஷம் கழித்துத்தான் என் மாமா பதின்மூன்று வயதில் வண்டி ஏறினார்.

பெயர் தாழ்ந்ததாக இருந்தால் தொழிலும் தாழ்ந்தேதான் கிடக்க வேண்டுமா? மொழிகளின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. காரோட்டிக்கு ஆங்கிலேயர் மரியாதையாகச் சொல்லும் ‘ஷோஃபர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் மூலப்பொருள், கொதிகலனுக்குத் தீப்போடுகிறவன். கரி தள்ளியவனின் பெயர் பணக்காரர் வீட்டுச் சீருடைக்குள் ஏறிக்கொண்டது. இந்தியில் லாரிக் கையாளுக்குச் சொல்லும் ‘கலாசி’ அரபி வழி வந்த சொல். கப்பல், கூடாரம், ரயில் என்று பல தொழில்களில் அது அலைந்திருக்கிறது. கோழிக்கோட்டு மாப்பிளா கலாசிகள் என்றால், வடமும் கப்பியும் வைத்துப் பெரிய மரக்கலங்களை நகர்த்தும் நுட்பக்காரர்கள் என்று அங்கே மதிப்பு. அதே கேரளத்தில் பஸ் வாசலில் தொங்கியபடி வருகிறவருக்குப் பெயர் ‘கிளி’. கேலிதான், ஆனாலும் அதில் ஒரு செல்லம் ஒட்டியிருக்கிறது.

அமெரிக்காவில் லாரித் தொழிலாளியை இன்றும் ‘டீம்ஸ்டர்’ என்கிறார்கள். பூட்டிய குதிரைகளையோ எருதுகளையோ ஓட்டுகிறவன் என்பது அதன் பொருள். குதிரை போய் நூறு வருஷமாகிறது. 1903இல் அமைந்த அவர்களது சங்கம் அந்தப் பெயரை விடவில்லை. சங்கச் சின்னத்தில் இன்றும் குதிரைத் தலைகள் உண்டு. வேலையோடு பொருந்தாமல் போன ஒரு பழைய சொல்லை ஒரு வர்க்கம் தன் பெயராகப் பிடித்துக்கொண்டு அதற்குக் கனத்தைக் கொடுத்தது. ஆகவே கேள்வி, ‘கிளீனர்’ என்ற சொல் சரியா தப்பா என்பதல்ல. அந்தச் சொல்லுக்குப் பின்னால் யார் நின்றார்கள், யாருமே ஏன் நிற்கவில்லை என்பதுதான்.

4

தமிழ்நாட்டில் டிரைவருக்குத் தமிழ்ப் பெயர் கிடைத்தது: ஓட்டுநர். கண்டக்டருக்கும் கிடைத்தது: நடத்துநர். இரண்டும் அரசுப் பேருந்தின் உள்பக்கத்தில் எழுதப்பட்டு, பயணிகள் படித்துப் படித்துப் புழக்கத்துக்கு வந்தவை. கிளீனருக்கு அப்படி ஒரு பெயர் எழுதப்படவில்லை. காரணம் எளிது. அரசுப் பேருந்தில் பயணிகளோடு போவது டிரைவர், கண்டக்டர் இருவர் மட்டுமே. தமிழாக்கம் பதவிகளுக்குத்தான் நடந்திருக்கிறது, உழைப்புகளுக்கு அல்ல. எந்த வேலைக்குச் சம்பளப் பட்டியலில் இடம் உண்டோ அதற்குக் கலைச்சொல் உண்டு. தனித்தமிழ் பேசிய நம் பெருங்கதையாடலின் ஓட்டை இது.

நாமே மொழிபெயர்த்துப் பார்ப்போம். கிளீனர் என்றால் துப்புரவாளர். இப்படிச் சொன்ன மாத்திரத்தில் தமிழ்ச் சமூகத்தில் என்ன ஆகிறது? துப்புரவு என்ற சொல்லின்மேல் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுத்தம் செய்கிறவர் அசுத்தம் என்று வைத்த சமூகம் இது. லாரிக் கிளீனர் எந்தச் சாதியாகவும் இருக்கிறார். சொந்தக்காரர் வண்டிக்கே பங்காளி மகன் கிளீனராகப் போவதும் உண்டு. அவரை யாரும் ‘துப்புரவாளர்’ என்று கூப்பிட்டதில்லை, கூப்பிட்டால் சண்டை வரும். அதாவது ஆங்கிலச் சொல் இங்கே ஒரு திரை. அது இழிவை மறைத்து வேலையை ஏற்கத்தக்கதாக்குகிறது. கூடவே அந்த இழிவு வேறு யார் தலையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் மறைக்கிறது. கிளீனர் என்று கேட்டுப் பழகிய காது, துப்புரவு என்று கேட்டதும் ஏன் சுளிக்கிறது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. துப்புரவுப் பணியாளர்களைத் தூய்மைப் பணியாளர்கள் என்று அழைக்க வேண்டுமென்று 2020இல் தமிழக அரசு அறிவித்தது. பெயர் மாறியது. ஒப்பந்தக் கூலி முறை அந்தப் பெயர்மாற்றத்தால் போய்விடவில்லை.

இப்போது லாரித் தொழிலிலும் ‘கிளீனர்’ நாகரிகமில்லை என்று ‘ஹெல்ப்பர்’ என்கிறார்கள், எழுத்தில் ‘உதவியாளர்’. இது இன்னும் ஆபத்தான சொல். உதவி என்பது மனசு வைத்துச் செய்வது. அதற்குக் கணக்குக் கேட்பது மரியாதையல்ல. வீட்டில் பெண் செய்யும் வேலைக்கு நேர்ந்த கதி இதுதான். சமைப்பது, காவல் இருப்பது, இன்னொருவர் தூங்கவும் விழிக்கவும் ஏற்பாடு செய்வது – லாரிக்குள் கிளீனர் செய்வதில் பாதி, வீட்டுக்குள் பெண் செய்வதுதான். இரண்டு இடத்திலும் வண்டியை ‘ஓட்டுகிறவர்’ வேறொருவர் என்றுதான் எழுதப்படுகிறது. தமிழ் சினிமாவும் இதற்கு விலக்கல்ல. ‘லாரி டிரைவர் ராஜாக்கண்ணு’ (1981) என்று டிரைவர் தலைப்பில் ஏறிவிட்டார். கிளீனர் பெரும்பாலும் டிரைவரிடம் அடிவாங்கிச் சிரிப்பு மூட்டும் ஆளாகவே நின்றுவிட்டார்.

5

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் இது ஒரு சொல்லாராய்ச்சிக் கட்டுரை. சட்டம் என்ற பிரதிக்குள் இந்தச் சொல் நுழையும்போதுதான் அது சோற்றுப் பிரச்சினையாகிறது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் காப்பீடு பற்றிப் பேசும் 147ஆம் பிரிவை அதன் மூல வடிவில் படித்துப் பார்க்கலாம். வண்டியில் வேலை செய்பவர் இறந்தாலோ அடிபட்டாலோ, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் வரும் பொறுப்பைக் காப்பீடு ஏற்க வேண்டும் என்கிறது. யார் யாருக்கு? வண்டியை ஓட்டுவதில் ஈடுபட்டவர். பயணிகள் வண்டியாக இருந்தால், அதில் கண்டக்டராகவோ டிக்கெட் பரிசோதகராகவோ ஈடுபட்டவர். சரக்கு வண்டியாக இருந்தால், அதில் ஏற்றிச் செல்லப்படுகிற ஊழியர். முதல் இருவரும் செய்வினையில் வருகிறார்கள். மூன்றாமவர் செயப்பாட்டுவினை. தார்ப்பாய் கட்டி, கல் எடுத்து, கட்டை போட்டு, இடதுபக்கமாக இருந்த மனிதர் சட்ட வாக்கியத்துக்குள் வரும்போது மூட்டையைப் போல ஏற்றிச் செல்லப்படுகிறார்.

மாமா டிரைவராக இருந்தபோது, ஆந்திராவில் நடந்த ஒரு விபத்தில் அவருடைய கிளீனர் பையன் இறந்துபோனான். பக்கத்து ஊர்ப் பையன், பத்தொன்பது வயது. மாமாவுக்குக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். முதல் தகவல் அறிக்கையில் போலீஸ் எழுதியது, ‘லாரியில் வந்த நபர்’. அவ்வளவுதான். கிளீனர் என்று எழுதவில்லை.

அந்த ஒரு சொல் இல்லாததன் விலையை ஆறு வருஷம் அந்தத் தாய் கொடுத்தாள். இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனம் எடுத்த நிலை இது: இறந்தவர் கிளீனர் என்பதற்கு ஆதாரம் இல்லை, அவர் வழியில் ஓசியாக ஏறியவராக இருக்கலாம், ஓசிப் பயணிக்கு நாங்கள் பொறுப்பல்ல. சட்டப்படி இது வலுவான வாதம். சரக்கு வண்டியில் கட்டணமின்றி ஏறி வருகிறவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்சநீதிமன்றம் 2002 கடைசியில் சொல்லியிருந்தது. வண்டிச் சொந்தக்காரர் ‘ஆமாங்க, எங்க வண்டி கிளீனர்தான்’ என்று வாயால் சொன்னார். பதிவேடு எங்கே என்றார்கள், இல்லை. சம்பளச் சீட்டு எங்கே என்றார்கள், இல்லை. காப்பீட்டுப் பணத்துக்காகச் சொந்தக்காரரும் குடும்பமும் சேர்ந்து சொல்லும் பொய் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது.

கடைசியில் கைகொடுத்தது மாமாவின் ட்ரிப் கணக்கு நோட்டு. டீசல், டோல், பஞ்சர், மாமூல் என்று எழுதிவந்த வரிசையில், ட்ரிப்புக்கு ட்ரிப் ஒரு வரி: ‘கிளீனர் படி’. பக்கத்தில் ஒரு தொகை. ஆணையர் முன்னால் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார்கள். பையனின் பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. இருந்தாலும் அந்த வண்டியில் ‘கிளீனர்’ என்று ஒருவர் இருந்தார், அவருக்குப் படி கொடுக்கப்பட்டது என்பதாவது நிரூபணமானது. மற்றச் சாட்சிகளோடு சேர்த்து அது ஏற்கப்பட்டது. ஒரு தொகையும் வந்தது.

உழைப்பை மறைக்கிற சொல், இழிவைத் திரையிடும் சொல் என்று நான் எழுதிக்கொண்டிருக்கும் அதே ‘கிளீனர்’, தன் மகனுக்குக் கிடைக்க வேண்டுமென்று ஒரு தாய் ஆறு வருஷம் அலைந்தாள். என் விமர்சனம் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அது அரைகுறை என்பதை அந்த நோட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பெயர் வேலையை மறைக்கும். பெயரே இல்லாவிட்டால் ஆளே மறைந்துபோவான். கட்டுடைப்பு செய்கிறவர்கள் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அதிகாரத்தைக் காட்டுகிறோம். சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தச் சொல்லே ஒரு ரசீது என்பதைப் பல நேரம் பார்க்கத் தவறுகிறோம்.

1961 சட்டத்தில் ‘மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளி’ என்பதற்கான விளக்கத்தில் டிரைவர், கண்டக்டரை அடுத்து ‘கிளீனர்’ என்ற சொல் நேரடியாகவே வருகிறது. நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஓய்வு என்றெல்லாம் அந்தச் சட்டம் பேசியது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும். ஒரு வண்டி, ரெண்டு வண்டி வைத்திருப்பவர்களே மிகுதியான தொழிலில், சட்டத்துக்குள் ‘கிளீனர்’ என்று எழுதப்பட்ட சொல்லுக்கு வெளியேதான் பெரும்பாலான கிளீனர்கள் இருந்தார்கள். 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்பில் அந்தச் சட்டம் கரைக்கப்பட்டுவிட்டது. புதிய தொகுப்பு ‘நிறுவனம்’ என்பதற்கு வைத்திருக்கும் எல்லை பத்துப் பேர். ஐந்து, பத்தாகிவிட்டது.

6

ஒரு சொல்லின் பொருளுக்காகத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியதற்கு லாரித் தொழிலிலேயே உதாரணம் உண்டு. 1934இல் மினியாபொலிஸ் நகரத்தில் வேலைநிறுத்தம் செய்த டீம்ஸ்டர் கிளையின் பெயர், பொது டிரைவர்கள் மற்றும் ஹெல்ப்பர்கள் சங்கம். ஹெல்ப்பரைப் பெயரிலேயே வைத்திருந்த சங்கம் அது. மே மாதம் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் ‘உள்வேலைக்காரர்கள்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் தகராறு வந்தது. சரக்கு ஏற்றும் மேடையில் நிற்பவர்கள் மட்டும் என்றார்கள் முதலாளிகள். கிடங்குக்குள் வேலை செய்யும் எல்லோரும் என்றது சங்கம். ஜூலையில் மறுபடியும் வேலைநிறுத்தம். ஜூலை 20 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள், பலர் காயப்பட்டார்கள். ஆகஸ்டில் சங்கம் வென்றது. டிரைவர்கள் தங்களுக்கு மட்டும் பேசி முடித்துக்கொண்டு போயிருக்க முடியும், போகவில்லை.

நம் பக்கத்தில் அப்படி நடப்பதற்கு முன்பே கிளீனர் வண்டியைவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறார். டீசல் விலை, டோல், மிஞ்சாத வாடகை என்று கணக்குப் போட்ட சொந்தக்காரர்கள் முதலில் கைவைத்தது கிளீனர் படியில். இன்று நீண்ட தூர வண்டிகள் பலவற்றில் டிரைவர் ஒண்டியாகப் போகிறார். தேசியப் பெர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருந்த நிபந்தனையும் 2018இல் எடுக்கப்பட்டது. இடதுபக்கத்துக்குக் கண்ணாடியும் கேமராவும் வந்துவிட்டன என்கிறார்கள். உண்மைதான். கேமரா தார்ப்பாய் கட்டாது, சோறாக்காது, ராத்திரி மூன்று மணிக்குப் பேச்சுக் கொடுக்காது. அந்த வேலைகள் ஒழிந்துவிடவில்லை. அதே சம்பளத்தில் டிரைவர் தலையில் இறங்கியிருக்கின்றன. கிளீனர் என்ற பெயருக்குள் மறைந்து கிடந்த வேலைகள், பெயர் போனதும் இன்னும் ஆழமாக மறைந்துவிட்டன.

டிரைவர் கிடைக்கவில்லை என்று லாரிச் சொந்தக்காரர்கள் புலம்புவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கனரக லைசென்சுக்கு எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. ஆள் வரட்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் ஆள் உருவாகி வந்த ஏணி எது? கூலி சரியாகக் கொடுக்காமல், பதிவேட்டில் பெயர் எழுதாமல், பையன்களின் தூக்கத்தில் ஓடிய ஏணி. அந்த ஏணியைத்தான் செலவு என்று எடுத்தெறிந்தார்கள். அது திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் எந்த வண்டியிலும் ஏற வேண்டாம். வயது வந்த இரண்டாவது ஆள், லைசென்சுக்குப் பயிலும் தொழிலாளியாக, எழுதப்பட்ட சம்பளத்தோடும் தூங்கும் நேரத்தோடும் வண்டியில் இருக்க வேண்டும் என்பதைச் சங்கங்கள் டிரைவரின் கோரிக்கையாகவே வைக்கலாம். ஒண்டியாக ஓட்டுகிறவரின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை உண்டு. ட்ரிப் நோட்டுகள் எல்லா டிரைவர் வீட்டிலும் பரண்மேல் கிடக்கின்றன. எந்த ஊரில் எவ்வளவு மாமூல், எந்த வருஷம் என்ன படி, எத்தனை நாள் லோடுக்குக் காத்துக் கிடந்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போவதற்கு முன் அவற்றை ஆவணமாக வாசிக்க வேண்டும். இலக்கியத்தில் லாரியைத் தேடுவதைவிட இது பயனுள்ளது.

கட்டுரையை முடிக்கும் முன் மாமாவிடம் இதையெல்லாம் சொல்லி, கிளீனருக்கு வேறு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன்.

‘பேர மாத்துனாப் படி ஏறுமா மாப்ள?’ என்றார்.

ஏறாதுங்க மாமா என்றேன்.

‘அப்ப இருக்கற பேரையே நோட்டுல எழுதச் சொல்லு. பையன் பேரையும் சேத்தி எழுதச் சொல்லு. நான் எழுதாம உட்டுட்டேன்.’